பெரிய கடல்நீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்கும் முன் தீனியை எடை போடுங்கள்

கடல்நீர் மீன்தொட்டியில் கரையும் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவிதான் புரோட்டீன் ஸ்கிம்மர். அது வரும் பெட்டியின் மேல் "1000 லிட்டர் வரை" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், மீன்கள் குறைவாக இருந்தால் 1000, நடுத்தரமாக இருந்தால் இவ்வளவு, நெருக்கமாக இருந்தால் இவ்வளவு என்று இறங்கிக்கொண்டே போகும் மூன்று எண்கள் இருக்கும். பெரிய எழுத்தை மட்டும் படித்து வாங்கிவிட்டு, சில மாதம் கழித்துப் பாறையெல்லாம் பாசி ஏறியதும் இரண்டாவது ஸ்கிம்மர் தேடுகிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் இருந்தவன்தான். 500 லிட்டருக்கு மேல் கடல்நீர்த் தொட்டியை முதல்முறையாக அமைக்கிறவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஸ்கிம்மரின் அளவை முடிவு செய்ய வேண்டியது தொட்டியில் தினமும் விழுகிற தீனி. லிட்டர் கணக்கு அதற்குத் துணை, அவ்வளவுதான்.

நுரை எப்படி வேலை செய்கிறது

காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் பழுப்பு நுரையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கிம்மருக்குள் நடப்பதும் அதுதான், ஒரு குழாய்க்குள் அடக்கி நடத்துகிறோம். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் பவளம் வெளிவிடும் கோழையிலிருந்தும் நீரில் கரைகிற கரிமப் பொருட்களில் பலவற்றுக்கு ஒரு முனை நீரோடு ஒட்டும், மறுமுனை நீரை விட்டு விலகப் பார்க்கும். காற்றுக் குமிழி கிடைத்தால் விலகுகிற முனை அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் மேலேறி, கழுத்துப் பகுதியில் நெருக்கியடித்து, நீர் கீழே வடிந்து, கெட்டி நுரையாக மேலே இருக்கும் சேகரிப்புக் கப்பில் வழியும். நன்னீரில் இந்த வித்தை பலிக்காது. உப்பு நீரில் பொடிக் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கும். நன்னீரில் சேர்ந்து, பெருத்து, உடைந்துவிடும்.

கழிவு அழுகி அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று மாறுவதற்கு முன்பே அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது என்பதுதான் இதன் பெரிய லாபம். தண்ணீருக்கு ஆக்சிஜன் கிடைப்பது உபரி. ஆனால் ஏற்கெனவே உருவாகிவிட்ட அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் ஸ்கிம்மர் எடுக்காது. அதற்கு லைவ் ராக் என்ற நுண்துளைப் பாறை, அதில் வாழும் பாக்டீரியா, தண்ணீர் மாற்றுவது எல்லாம் தேவைதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், விளம்பரங்களைப் படிக்கும்போது கைகொடுக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009-ஐ ஒட்டி பல வகை ஸ்கிம்மர்களை எடுத்து, நீரில் இருந்த மொத்தக் கரிமக் கார்பனில் எவ்வளவு எடுக்கின்றன என்று அளந்தார். எந்த ஸ்கிம்மரும் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை. மீதியை நுரை தொடவே இல்லை, எவ்வளவு நேரம் ஓட்டினாலும். ஆகவே "மற்றவற்றைவிடப் பல மடங்கு சுத்தம்" என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். சரியான அளவில் ஒன்றை வாங்கி ஒழுங்காகக் கழுவி ஓட்டுவதுதான் பெரிய வித்தியாசம் தருகிறது.

முதல் படி: உண்மையில் எத்தனை லிட்டர்?

என் தொட்டியையே எடுத்துக்கொள்கிறேன். வெளி அளவு 180 × 60 × 60 செ.மீ. பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 648 லிட்டர். ஆனால் கண்ணாடி 12 மி.மீ. தடிமன், விளிம்புக்குச் சில செ.மீ. கீழேதான் தண்ணீர் நிற்கும். உள்ளளவு 177.6 × 57.6, நீர் உயரம் 54 என்று வைத்தால் 552 லிட்டர்தான் வருகிறது. மணலும் பாறையும் சுமார் 50 லிட்டர் இடத்தை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் ஏறக்குறைய 500. சம்ப்பில், அதாவது மேல்தொட்டி நீர் இறங்கி வந்து திரும்பும் கீழ்த்தொட்டியில், ஓடும்போது நிற்பது 110 லிட்டர். ஆக மொத்தம் 610.

சம்ப்பின் முழுக் கொள்ளளவைக் கூட்டிவிடாதீர்கள். மின்சாரம் நின்றால் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு அங்கே காலி இடம் இருக்க வேண்டும். எனவே ஓடும்போது நிற்கும் மட்டத்தை வைத்தே கணக்கு.

இரண்டாம் படி: தீனியை எடை போடுவது

ஒரு சிறிய டிஜிட்டல் தராசு போதும். ஒரு வாரம், போடுகிற ஒவ்வொரு வேளைத் தீனியையும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். உலர்ந்த குருணைத் தீனியைத் தனியாக, உறைந்த தீனியைத் தனியாக. தொட்டி இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், என்னென்ன மீன் விடப்போகிறீர்கள் என்று எழுதி, அதே அளவில் மீன் வைத்திருக்கிற யாரிடமாவது கேட்டுக் கணக்குப் போடலாம்.

உறைந்த தீனியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர்தான். உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. என் தொட்டியில் இரண்டு பெரிய டாங் மீன்கள், ஒரு ஏஞ்சல் மீன், சில்லறை மீன்கள் பத்துப் பன்னிரண்டு. தினமும் 6 கிராம் குருணை, 20 கிராம் உறைந்த இறால் வகை. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் குருணையிலிருந்து ஐந்தரை கிராம், உறைந்ததிலிருந்து இரண்டரை கிராம், மொத்தம் 8 கிராம் திடப்பொருள் தினமும் அந்த நீருக்குள் போகிறது. இதே அளவுத் தொட்டியில் மென்பவளமும் ஐந்து சின்ன மீன்களும் மட்டும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தினமும் போடுவது 1 கிராம் குருணை. இரண்டு தொட்டிக்கும் லிட்டர் ஒன்றுதான். சுமையோ எட்டு மடங்குக்கும் மேல். பெட்டி மேல் இருக்கும் பெரிய எழுத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நான் பின்பற்றும் கைக்கணக்கு இது. நண்பருடையது போன்ற தொட்டிக்குப் பெட்டியில் உள்ள பெரிய எண் நம் நிஜ லிட்டருக்குச் சமமாக இருந்தால் போதும். மீன்களும் பவளங்களும் கலந்து மிதமாகத் தீனி போடும் தொட்டிக்கு அந்த எண் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். பெரிய மீன்கள், இறைச்சி தின்னும் மீன்கள், அல்லது பவளத்துக்காக நாளுக்கு நாலைந்து முறை தீனி போடும் தொட்டி என்றால் இரண்டு மடங்கு. நைட்ரேட்டைக் குறைக்க வினிகர், வோட்கா போன்ற கார்பன் மூலம் ஊற்றுகிறவர்களும் இந்தக் கடைசி வகைதான். அதைத் தின்று பெருகும் பாக்டீரியாவை வெளியேற்றுகிற வழியும், அது உறிஞ்சும் ஆக்சிஜனைத் திருப்பித் தருகிற வழியும் ஸ்கிம்மர்தான்.

"பெரிதாக வாங்கினால் நல்லதுதானே?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஓரளவுக்குத்தான். கழுத்து அகலமான ஸ்கிம்மரில் நுரை நிலையாக எழும்ப, தண்ணீரில் போதிய கழிவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரை பாதிக் கழுத்தில் வந்து நின்று நின்று சரியும். மூன்று நாள் கப் காலியாக இருக்கும், நான்காம் நாள் வெறும் தண்ணீராகப் பொங்கும். ஆபத்து ஒன்றுமில்லை, எரிச்சல்தான். நாலு மீனுக்கு 2000 லிட்டர் ஸ்கிம்மர் வாங்காதீர்கள். மீன்கள் வளரும் என்று எண்ணி வாங்குவதானால் இரண்டு வருடத்துக்கு அப்பால் எண்ண வேண்டாம்.

மூன்றாம் படி: இடம்

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்கிம்மரின் உயரத்தை மட்டும் அளந்து "அலமாரிக்குள் நிற்கும்" என்று வாங்கிவிடுவார்கள். கப்பைக் கழற்ற அதை மேலே தூக்க வேண்டுமே! அதற்கு இன்னும் 10 செ.மீ. வரை வேண்டியிருக்கும். வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அட்டைப் பெட்டியை வெட்டி, ஸ்கிம்மரின் நீள அகல உயரத்துக்கு ஒட்டி, பம்ப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடலானால் அந்தத் துருத்தலையும் ஒட்டி, சம்ப்பில் இறக்கிப் பாருங்கள். கையை உள்ளே விட்டு, கப்பைக் கழற்றுவது போல அட்டையின் தலையைத் தூக்குங்கள். முழங்கை குழாயில் இடிக்கிறதா, தொட்டியின் அடிப்பலகை தடுக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நான் இதைச் செய்யாமல், ஒரு வருடம் கப்பைச் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுத்தேன். பாதி நாட்கள் உள்ளிருந்த கறுப்புத் தண்ணீர் திரும்பச் சம்ப்பிலேயே கொட்டியது.

அடுத்தது நீர்மட்டம். சம்ப்புக்குள் நிற்கும் ஸ்கிம்மர்கள் பெரும்பாலும் 15 முதல் 23 செ.மீ. ஆழத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. சரியான எண் அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். ஆழம் கூடினால் பம்ப் இழுக்கும் காற்று குறையும், உள்ளே நீர் உயர்ந்து நுரை ஈரமாகும். ஆழம் குறைந்தால் நுரை கழுத்துக்கே வராது. அதைவிட முக்கியம், அந்த மட்டம் நாள் முழுக்க மாறாமல் இருப்பது. ஆவியாகும் நீரின் குறைவு, நீரை மேல்தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில்தான் தெரியும். எனவே ஸ்கிம்மரை அங்கே வைக்கக் கூடாது. மேல்தொட்டியின் நீர் வந்து விழும் முதல் அறையில், தடுப்புக் கண்ணாடி மட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். மேல்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலமும் நேராக அங்கேதான் வந்து சேரும், ஸ்கிம்மருக்கு அதுதான் விருந்து. ஆழம் அதிகமாக இருந்தால் பிளாஸ்டிக் சட்டத்தை அடியில் வைத்து உயர்த்திக்கொள்ளலாம்.

தொட்டியின் பக்கவாட்டில் தொங்கவிடும் வகை, இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டாம். சம்ப்பில் இடமே இல்லை என்றால் வெளியே தனியாக நிற்கும் வகை இருக்கிறது. நல்ல வகைதான், ஆனால் குழாய் இணைப்பில் ஒரு சொட்டு கசிந்தாலும் தரையில்தான் விழும்.

நான்காம் படி: இயந்திரத்தைப் பார்ப்பது

இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நீடில் வீல் வகை. பம்பின் வாயிலேயே காற்று உறிஞ்சப்பட்டு, முட்கள் நிறைந்த இம்பெல்லர் என்ற சுழலியில் அடிபட்டு, பால் போலத் தெரியும் பொடிக் குமிழிகளாகிறது. அந்தக் காலத்து மரத்தாலான காற்றுக்கல் வகை எளிமையானது, அமைதியானது. ஆனால் கல் சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்ளும், பெரிய தொட்டிக்கு உயரமான கோபுரம் வேண்டும். பொதுக் காட்சியகங்களில் பல மீட்டர் உயரமான நுரைக் கோபுரங்களை ஓசோனோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். நமக்கு அந்த ஆசை வேண்டாம். ஓசோன் விட நினைத்தால், ஸ்கிம்மரின் பொருள் அதைத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள், கட்டுப்படுத்தும் மீட்டர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

தயாரிப்பாளர் தரும் தகவலில் நான் முதலில் தேடுவது, மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது என்ற எண்ணை. "1000 லிட்டர் தொட்டிக்கு" என்று ஆளுக்கொரு கணக்கில் சொல்லலாம். காற்றின் அளவை அளந்துபார்த்துவிட முடியும். இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது காற்றையும் கழுத்தின் விட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். குறுகிய கழுத்து, சிறு சுமையிலும் நுரையைத் திரட்டி மேலே தள்ளும். அகலமான கழுத்து, பெருஞ்சுமைக்கு. கூம்பு வடிவ உடல் இருந்தால் குமிழிகள் அதிகம் கலங்காமல் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் அதற்காகவே கூடுதல் செலவு செய்ய மாட்டேன்.

பம்பில் ஏ.சி., டி.சி. என்று இரண்டு. டி.சி. பம்பில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தீனி நேரத்தில் பத்து நிமிடம் நிறுத்தும் பொத்தானும் பெரும்பாலும் இருக்கும். ஏ.சி. பம்பில் கட்டுப்படுத்த ஒன்றுமில்லை, கெட்டுப்போகவும் அவ்வளவாக ஒன்றுமில்லை. சில ஏ.சி. பம்புகள் கிளம்பும்போது எதிர்த்திசையில் சுழன்று கடகடவென்று சத்தம் போடும், குமிழி வராது. பதறாமல் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்கள். எந்த வகையானாலும் இம்பெல்லரும் ஓ-ரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். இம்பெல்லர் உடைந்து, உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆனால், அந்த மூன்று வாரமும் மீன்களுக்குத்தான் கஷ்டம்.

மின்சாரம்: 35 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் மாதம் சுமார் 25 யூனிட். சத்தத்துக்குக் காற்றுக்குழாயின் முனையில் சைலன்சர் இருக்கிறதா என்று பாருங்கள்.

1500 லிட்டரைத் தாண்டினால் ஒரு ராட்சத ஸ்கிம்மருக்குப் பதில் நடுத்தர அளவில் இரண்டு வாங்குவது என் கட்சி. ஒன்றைக் கழற்றிக் கழுவும்போது மற்றது ஓடும். ஒரு பம்ப் செத்தாலும் தொட்டி சாகாது.

ஐந்தாம் படி: ஓட்டத் தொடங்குவது

புதிய ஸ்கிம்மரை வினிகர் கலந்த நீரில் சில மணி நேரம் ஓடவிட்டு, நன்றாக அலசிவிட்டுச் சம்ப்பில் நிற்க வையுங்கள். சோப்பு கூடாது. முதல் ஒன்றிரண்டு வாரம் அது நம் பேச்சைக் கேட்காது. ஒன்று நுரையே வராது, அல்லது நுண்குமிழிகளைத் தொட்டி முழுக்க விட்டு மூடுபனி போலாக்கும். உள்சுவரில் மெல்லிய படலம் படிந்த பிறகுதான் ஒழுங்குக்கு வரும். அதுவரை நீர் வெளியேறும் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள். பிறகு தினம் ஒருமுறை, ஒரு சிறு திருப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திருகினால் எதற்கு எது பலன் என்றே தெரியாமல் போகும்.

நுரை, கழுத்தும் கப்பும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே உடையத் தொடங்குவது நல்ல இடம். கப்பில் சேர்வது வெளிர்த் தேநீர் நிறமாக இருந்தால் ஈரமாக எடுக்கிறீர்கள், அளவு அதிகம் வரும். தார் போலக் கறுத்திருந்தால் உலர்வாக எடுக்கிறீர்கள், அளவு குறைவு, நாற்றம் அதிகம். நான் இரண்டுக்கும் நடுவில் வைப்பேன். மீன் அதிகமாக இருந்தால் ஈரப் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஈரமாக எடுக்கும்போது உப்பும் சேர்ந்து வெளியே போகிறது என்பது நினைவிருக்கட்டும்.

அதை நான் கற்றுக்கொண்டது இப்படி. ஒரு நாள் மாலை பவளத்துண்டுகளை எபாக்ஸி பசை வைத்துப் பாறையில் ஒட்டினேன். ஸ்கிம்மர் கப்பிலிருந்து ஒரு குழாயைப் பெரிய கழிவு வாளிக்கு விட்டிருந்தேன். எபாக்ஸி பட்டால் நுரை பைத்தியம் பிடித்தது போலப் பொங்கும் என்று படித்திருந்தும், நிறுத்தாமல் தூங்கப் போனேன். இரவு முழுக்கக் கடல்நீர் வாளிக்குப் போனது. சம்ப்பில் மட்டம் குறைய, தானாக நீர் நிரப்பும் கருவி தன் கடமையைச் செய்து 60 லிட்டர் நன்னீரை உள்ளே விட்டது. காலையில் பார்த்தால் தொட்டி வழக்கம்போலத்தான் நின்றது, மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. பவளங்கள் மட்டும் சுருங்கியிருந்தன. உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 32-க்கு இறங்கியிருந்தது. ஒரே நாளில் ஏற்றாமல் மூன்று நாளில் மெல்ல ஏற்றினேன்.

ஆகவே கழிவு வாளி சிறியதாக இருக்கட்டும். அது நிறைந்தால் ஸ்கிம்மரை நிறுத்திவிடும் மிதவை ஸ்விட்ச் போடுங்கள். எபாக்ஸி, அம்மோனியாவைக் கட்டும் திரவங்கள், சில மருந்துகள் போடும் நாட்களில் கப்பைக் கழற்றி வையுங்கள் அல்லது பம்பை நிறுத்துங்கள். நிறுத்துவதானால் காற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மின்சாரம் நின்று வரும்போதும் இதே கதை நடக்கும்: மேல்தொட்டி நீர் இறங்கி சம்ப் உயர்ந்திருக்கும் நேரத்தில் ஸ்கிம்மரும் உடனே கிளம்பினால் பொங்கும். ரிட்டர்ன் பம்ப் முதலில் ஓடி மட்டம் இறங்கிய பிறகு ஸ்கிம்மர் கிளம்பும்படி, சில நிமிடத் தாமதம் தரும் ஸ்விட்ச் போட்டுக்கொள்ளலாம்.

நுரை திடீரென்று படுத்துவிட்டால் முதலில் உங்கள் கையை நினைத்துப் பாருங்கள். தொட்டிக்குள் கைவிட்ட பிறகும், எண்ணெய்ப்பசையுள்ள தீனி போட்ட பிறகும் சில மணி நேரம் நுரை வராது. வால்வைத் தொடாதீர்கள், தானாகவே எழும்பும்.

கழுவுதல்

கழுத்தின் உள்சுவரில் பழுப்புப் பசை படிந்தால் நுரை ஏற முடியாமல் சரிகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துணியால் துடைத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. காற்றுக்குழாயின் உள்முனையில் உப்பு படிந்து அடைக்கும். மாதம் ஒருமுறை குழாய் வழியாக வெதுவெதுப்பான நன்னீரை உறிஞ்சவிடுங்கள். சத்தம் மாறுவது காதிலேயே விழும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி வினிகரில் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவையுங்கள், சுண்ணாம்புப் படிவு நுரைத்துக் கரையும்.

ஸ்கிம்மர் அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. அந்த அறையில் பெயின்ட் அடித்தால், பூச்சிமருந்து தெளித்தால், அதுவும் குமிழியாகித் தண்ணீரில் கரையும். அந்த வேலைகளின்போது காற்றுக்குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். அடைத்த அறையில் ஆட்கள் அதிகமிருந்து பி.எச். இறங்கினாலும் இதே வைத்தியம்தான்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. அக்ரிலிக் உடல் எளிதில் கெடாது. ஒட்டு விழுந்த இடங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முடிந்தால் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் உலர்ந்த காகிதத்தின் மேல் வையுங்கள். பம்பைக் கழற்றச் சொல்லி இம்பெல்லரை விரலால் சுற்றுங்கள். முட்கள் எல்லாம் இருக்க வேண்டும், தண்டு ஆடக் கூடாது, காந்தம் உப்பிப் பிளந்திருக்கக் கூடாது. காந்தம் பிளந்திருந்தால் அந்த பம்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிட்டு, உடலுக்கு மட்டும் விலை பேசுங்கள்.